பியூஸ் ஏன் எரிகிறது? மோட்டார் சைக்கிளின் மின்கோளாறுகளை நாமே கண்டறிவோம்

ஜொகூர் மாநிலத்தின் பால்மரத் தோட்டங்களில் கதிரவன் எழுவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகின்றது. குளிர்ந்த வைகறைப் பொழுதில்தான் மரத்தில் பால் நன்கு சுரக்கும் என்பதை நம் வெட்டுத் தொழிலாளர்கள் அனுபவத்தில் அறிவர். ஆதலால், இருள் பிரியாத வேளையிலேயே வாளியையும் வெட்டுக் கத்தியையும் எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறிப் புறப்படுகின்றனர். குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட், கோத்தா திங்கி ஆகிய வட்டாரங்களில் உள்ள தோட்டச் சாலைகளில் வைகறையில் நாம் முதலில் காண்பது இவ்வண்டிகளின் விளக்கொளியே ஆகும்.

அவ்வேளையில் வண்டியின் பிரேக் விளக்கு எரியவில்லை, சிக்னல் விளக்கு கண்சிமிட்டவில்லை, ஹாரனும் ஒலிக்கவில்லை என்றால் என்ன நேரும்? பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நாம் வேகத்தைக் குறைப்பதும் திரும்புவதும் தெரியாமற் போகும். நம் நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் செல்வோரே என்பதை நாம் மறத்தலாகாது. 1992ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் முதல் பகல் வேளையிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்னும் விதி நடப்பில் இருந்து வருகின்றது. பிறர் கண்ணுக்கு நாம் தெரிய வேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கம்.

ஆகவே, மோட்டார் சைக்கிளின் மின்கோளாறு என்பது சில்லறைத் தொல்லை அன்று. உயிரோடும் ஊதியத்தோடும் தொடர்புடையது. அக்கோளாறுகளுள் பெரும்பாலானவற்றைச் சிறிது பொறுமையும் ஒழுங்கான முறையும் இருந்தால் நாமே கண்டறியலாம். அம்முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

மின்சாரம் எங்கிருந்து வருகின்றது?

தோட்டப்புறங்களில் பெரிதும் பயன்படுவது 'கப்சாய்' என்று மக்கள் அழைக்கும் சிறு வண்டியே ஆகும். 1958ஆம் ஆண்டு ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியின் அமைப்பைத் தழுவியே பின்னர் இத்தகைய வண்டிகள் பல உருவாயின. அவ்வரிசையில் வந்த வண்டிகளின் எண்ணிக்கை 2017ஆம் ஆண்டில் பத்துக் கோடியை எட்டியது. முற்காலத்து சி70 போன்ற வண்டிகள் பல 6 வோல்ட்டு மின்சாரத்தில் இயங்கின. பின்னர் வந்த இஎக்ஸ்5, கிரிஸ் முதலியவை 12 வோல்ட்டில் இயங்குகின்றன.

கார்புரேட்டர் பொருத்திய சிறு வண்டிகள் பலவற்றில் மின்சாரம் இரண்டு வழிகளில் செல்கின்றது. இதனைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதல் வழி, இயந்திரத்திலிருந்து நேராக வருவது. இயந்திரத்தின் பக்கவாட்டில் சுழலும் பிளைவீலில் காந்தங்கள் உள்ளன. அவை கம்பிச் சுருள்களைச் சுற்றிச் சுழலும்பொழுது மின்சாரம் உண்டாகின்றது. காந்தத்தின் அசைவால் மின்சாரம் பிறக்கும் என்னும் இவ்வுண்மையை 1831ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்தார். பிளக்கில் தீப்பொறி உண்டாவதற்கும், பல வண்டிகளில் முன்விளக்கு எரிவதற்கும் இம்மின்சாரமே உதவுகின்றது. இயந்திரம் மெதுவாக ஓடும்பொழுது முன்விளக்கு மங்குவதும், முடுக்கினால் பிரகாசிப்பதும் இதனாலேயாம்.

இரண்டாம் வழி, பேட்டரியிலிருந்து வருவது. பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு, ஹாரன், நியூட்ரல் விளக்கு ஆகியவை இவ்வழியில் இயங்குகின்றன. பியூஸ் இவ்வழியின் வாயிலில்தான் அமைந்துள்ளது.

ஆகவே, பியூஸ் எரிந்துவிட்டாலும் இத்தகைய வண்டியின் இயந்திரம் உதைத்தவுடன் ஓடும், முன்விளக்கும் எரியும். 'வண்டிதான் ஓடுகிறதே!' என்று நாம் ஏமாந்துவிடுவோம். ஆனால், பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருபவருக்கு எவ்வித அறிவிப்பும் இராது. பியூஸ் கோளாற்றின் பெரிய ஆபத்து இதுவே ஆகும்.

அண்மைக் காலத்தில் விற்பனைக்கு வந்துள்ள எரிபொருள் ஊசிமுறை வண்டிகள் வேறு வகையின. அவற்றின் பெட்ரோல் பம்பும் கட்டுப்பாட்டுக் கருவியும் மின்சாரத்தையே நம்பியிருப்பதால், முதன்மைப் பியூஸ் எரிந்தால் வண்டி நின்றுவிடும். அவ்வண்டிகளில் பியூஸைப் பார்த்து மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, எஞ்சிய சோதனையைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நலம்.

பியூஸ் என்னும் காவலாளி

பியூஸ் என்பது மெல்லிய உலோக இழை. தமிழில் இதனை மின்னுருகி என்பர். தாமஸ் எடிசன் தமது மின்விநியோக அமைப்பின் ஒரு பகுதியாக 1890ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றார். குறிப்பிட்ட அளவுக்கு மேல் மின்சாரம் பாய்ந்தால் இவ்விழை சூடேறி உருகி அறுந்துவிடும், மின்சாரமும் நின்றுவிடும். தான் அழிந்து வண்டியைக் காப்பதே இதன் தொழில். எனவே, பியூஸ் எரிவது நோயன்று, நோயின் அறிகுறி. காய்ச்சல் வந்தால் வெப்பமானியை உடைப்பதால் பயனில்லை. அதுபோலவே, பியூஸை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் கோளாறு தீராது.

எத்தனை ஆம்பியர் பியூஸ் தேவை என்பதை எளிய கணக்கினால் அறியலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 12 வோல்ட்டு வண்டியொன்றில் பிரேக் விளக்கு 18 வாட்டு, ஒரு பக்கச் சிக்னல் விளக்குகள் இரண்டும் சேர்ந்து 20 வாட்டு, சிறு விளக்குகள் 5 வாட்டு எனக் கொள்வோம். மொத்தம் 43 வாட்டு. இதனை 12ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.6 ஆம்பியர் வரும். ஹாரனுக்கு ஏறக்குறைய 2 ஆம்பியர் சேர்த்தாலும் 6 ஆம்பியரைத் தாண்டாது. ஆகவே 10 ஆம்பியர் பியூஸ் போதுமானது என்பது விளங்கும். அதே விளக்குகளை 6 வோல்ட்டில் எரித்தால் 7 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும். உங்கள் வண்டிக்குரிய அளவு பியூஸ் பெட்டியின் மூடியிலோ வண்டியின் கையேட்டிலோ குறிக்கப்பட்டிருக்கும். அதனையே பின்பற்ற வேண்டும்.

தட்டை வடிவப் பியூஸ்களில் நிறமே அளவைக் கூறும். காவி நிறம் 7.5 ஆம்பியர்; சிவப்பு 10 ஆம்பியர்; நீலம் 15 ஆம்பியர்; மஞ்சள் 20 ஆம்பியர். கண்ணாடிக் குழாய்ப் பியூஸ்களில் உலோக மூடியின் மேல் எண் பொறிக்கப்பட்டிருக்கும்.

வெள்ளித்தாள் வைத்தியம் வேண்டாம்

"அவசரத்துக்கு சிகரெட்டுப் பெட்டி வெள்ளித்தாளைச் சுத்தி வையுங்க அண்ணே, வண்டி ஓடும்!" என்று யோசனை கூறுவோர் எல்லாத் தோட்டங்களிலும் இருக்கின்றனர். வண்டி ஓடும் என்பது உண்மையே. ஆனால், காவலாளியின் கையையும் காலையும் கட்டிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு அது ஒப்பாகும்.

கம்பியின் மேலுறை தேய்ந்து செம்பு வெளிப்பட்டு, வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டுவிட்டால், மின்சாரம் விளக்கின் வழியே செல்லாமல் குறுக்கே பாய்கின்றது. பட்டறைகளில் இதனை 'ஷார்ட்' என்பர். சிறிய பேட்டரிகூட அவ்வேளையில் 10 ஆம்பியரைவிடப் பன்மடங்கு மின்சாரத்தை வெளியிடும். சரியான பியூஸ் இருந்தால் அது நொடியில் அறுந்துவிடும். வெள்ளித்தாளோ, செம்புக் கம்பியோ, அளவுக்கு மிஞ்சிய பியூஸோ இருந்தால், உருக வேண்டிய இழைக்குப் பதிலாக வண்டியின் கம்பிகள் பழுக்கக் காய்ந்து மேலுறையைப் பொசுக்கும். கப்சாய் வண்டிகளில் பெட்ரோல் தொட்டி இருக்கையின் அடியில்தான் உள்ளது. பேட்டரியும் கம்பிகளும் அதற்கு அருகிலேயே செல்கின்றன. அங்குத் தீப்பிடித்தால் நிலைமை என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. வண்டிகள் லயத்தின் சுவரோரம் நிறுத்தப்படுவதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சரியான அளவுடைய இரண்டு பியூஸ்களைச் சிறு நெகிழிப் பையிலிட்டு இருக்கையின் அடியில் வைத்திருங்கள். அவற்றின் விலை மிகச் சொற்பமே.

எரிந்த பியூஸ் கூறும் செய்தி

எரிந்த பியூஸை உடனே எறிந்துவிடாதீர்கள். அதனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கண்ணாடியின் உட்புறம் கருத்தோ வெள்ளி பூசியது போன்றோ இருந்தால், பெருமளவு மின்சாரம் திடீரெனப் பாய்ந்துள்ளது. கம்பி எங்கோ சட்டத்தில் படுகின்றது என்பதற்கு இஃது அடையாளம்.

கண்ணாடி தெளிவாக இருந்து, இழை நடுவில் மட்டும் உருகி அறுந்திருந்தால், அளவுக்குச் சற்று மிகுந்த சுமை நெடுநேரம் இருந்துள்ளது. கூடுதல் விளக்குகள் பொருத்தியவர்களின் வண்டியில் இதனைக் காணலாம். 55 வாட்டு விளக்குகள் இரண்டு பொருத்தினால், அவையே 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அச்சுமையைச் சிறு வண்டியின் பியூஸும் தாங்காது. மின்னாக்கச் சுருளும் தாங்காது.

இழை ஓரத்தில் மூடிக்கு அருகே அறுந்திருந்தால், அதிர்வோ, பியூஸைப் பிடித்திருக்கும் கவ்வியின் தளர்ச்சியோ காரணமாகலாம். தளர்ந்த கவ்வி சூடேறும். பச்சைக் களிம்பும் பிடிக்கும். அதனைத் தேய்த்துத் துப்புரவாக்கி, இறுக்கமாகப் பிடிக்கும்படி மெல்ல வளைத்துவிட வேண்டும்.

எப்பொழுது எரிகின்றது?

மருத்துவர் நோயாளியிடம் 'எப்பொழுது வலிக்கின்றது?' என்று கேட்பதைப் போல நாமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. சாவியைத் திருப்பாத நிலையிலேயே புதிய பியூஸ் எரிந்தால், கோளாறு பியூஸுக்கும் சாவிக்கும் இடையே உள்ள கம்பியில் இருக்கலாம். அல்லது பேட்டரிக்கு மின்னேற்றும் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். பேட்டரியைத் தலைமாற்றி இணைத்துவிட்டாலும் இவ்வாறு நேரும்.

2. சாவியைத் திருப்பியவுடன் எரிந்தால், சாவியிலிருந்து பிரிந்து செல்லும் முதன்மைக் கம்பியை ஐயுற வேண்டும்.

3. பிரேக்கை அழுத்தும்பொழுது எரிந்தால், பிரேக் விளக்கின் கம்பி, அதன் சுவிட்சு, பின்விளக்கின் சாக்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

4. இடப்பக்கச் சிக்னலுக்கு எரிந்து, வலப்பக்கச் சிக்னலுக்கு எரியாவிட்டால், கோளாறு இடப்பக்கத்துக் கம்பியிலேயே உள்ளது.

5. ஹேண்டலைத் திருப்பும்பொழுது எரிந்தால், ஹேண்டலின் கழுத்துப் பகுதியில் வளைந்து வளைந்து கம்பியின் மேலுறை வெடித்திருக்கும்.

6. மேடு பள்ளத்தில் செல்லும்பொழுதோ, பின்னால் ஒருவர் அமரும்பொழுதோ எரிந்தால், பின்மட்கார்டின் அடியில் செல்லும் கம்பிகளை ஆராய வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு பட்டறைக்குச் சென்றாலும் பயனுண்டு. மெக்கானிக்கின் நேரமும் நமது பணமும் மிச்சமாகும்.

சோதனை விளக்கு செய்வோம்

கோளாற்றைத் தேடும்பொழுது பியூஸை மாற்றி மாற்றி எரிப்பது வீண் செலவு. அதற்கு மாற்றாக எளிய கருவியொன்றை நாமே செய்துகொள்ளலாம். 12 வோல்ட்டு, 10 வாட்டுச் சிக்னல் பல்பு ஒன்றையும், அதற்கேற்ற பழைய சாக்கெட்டையும், இரண்டு துண்டுக் கம்பிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டு வண்டியாயின் 6 வோல்ட்டு பல்பு வேண்டும். எரிந்த பியூஸை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தின் இரு முனைகளிலும் இப்பல்பின் இரு கம்பிகளையும் இணையுங்கள். இயந்திரத்தை ஓடவிட வேண்டாம்.

இப்பொழுது, ஷார்ட் இருந்தால் பல்பு முழுப் பிரகாசத்துடன் எரியும். பல்பின் வழியே 1 ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே செல்லக்கூடுமாதலால் கம்பிகள் எரியா, பொறுமையாகத் தேடலாம். ஷார்ட் நீங்கிய அக்கணமே பல்பு அணைந்துவிடும். சோதனையின் முறை வருமாறு:

முதற்படி: பிரேக் விளக்கு, சிக்னல் விளக்குகள் ஆகியவற்றின் பல்புகளைக் கழற்றிவிடுங்கள். ஹாரனின் கம்பியையும் கழற்றி, அதன் முனை எதிலும் படாதவாறு வையுங்கள். வண்டியை நியூட்ரலில் வைக்காமல் கியரில் வைத்தால் நியூட்ரல் விளக்கும் குறுக்கிடாது. இப்பொழுது மின்சாரத்தை இழுக்க நியாயமான பொருள் ஒன்றும் இல்லை. ஆகவே, சோதனை விளக்கு பிரகாசமாக எரிந்தால் அது கோளாற்றின் ஒளியே.

இரண்டாம் படி: சாவி மூடியிருக்கும்பொழுதே விளக்கு எரிகின்றதா எனப் பாருங்கள். எரிந்தால் ரெகுலேட்டரின் இணைப்பைக் கழற்றுங்கள். விளக்கு அணைந்தால் ரெகுலேட்டரே குற்றவாளி. அணையாவிட்டால் சாவிக்குச் செல்லும் கம்பியைத் தொடர்ந்து பாருங்கள்.

மூன்றாம் படி: சாவியைத் திருப்புங்கள். எரிந்தால் முன்விளக்குக் கூட்டினுள் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எந்த இணைப்பைக் கழற்றியவுடன் விளக்கு அணைகின்றதோ, அக்கம்பியில்தான் கோளாறு உள்ளது.

நான்காம் படி: பிரேக்கை அழுத்துங்கள். பிறகு இடப்பக்கச் சிக்னல், வலப்பக்கச் சிக்னல் என ஒவ்வொரு சுவிட்சாகப் போடுங்கள். எச்சுவிட்சுக்கு விளக்கு எரிகின்றதோ, அவ்வழியே ஐயத்திற்குரியது.

ஐந்தாம் படி: விளக்கு எரிந்துகொண்டிருக்கும்பொழுதே, ஐயத்திற்குரிய கம்பியைக் கையால் மெல்ல அசைத்துக்கொண்டே செல்லுங்கள். ஹேண்டலையும் இருபுறமும் திருப்புங்கள். எவ்விடத்தில் அசைக்கும்பொழுது விளக்கு கண்சிமிட்டுகின்றதோ, அவ்விடத்தைப் பிரித்துப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு

ரெங்கம் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் ஒருவரின் வண்டி என வைத்துக்கொள்வோம். நாள்தோறும் வெட்டு முடிந்தபின் கட்டிப்பால் மூட்டையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு செம்மண் சாலையில் வருகின்றார். ஒரே வாரத்தில் மூன்று பியூஸ்கள் எரிந்துவிட்டன. காலையில் போகும்பொழுது எரிவதில்லை. மூட்டையுடன் திரும்பும்பொழுதுதான் எரிகின்றது. 'கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும்' என்று ஒருவர் கூறுகின்றார். அதற்காகும் செலவு அவருடைய பல நாள் ஊதியத்திற்குச் சமம்.

அவர் சோதனை விளக்கைப் பொருத்திப் பார்க்கின்றார். வண்டி சும்மா நிற்கும்பொழுது விளக்கு எரியவில்லை. பிரேக்கை அழுத்தினாலும் எரியவில்லை. இங்கேதான் பலர் மனம் தளர்ந்துவிடுவர். ஆனால் அவர், பியூஸ் எரியும் நேரத்தை நினைவுகூர்கின்றார். தம் மகனைப் பின்னிருக்கையில் அமரச் செய்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி வண்டியை மேலும் கீழும் அமுக்குகின்றார். சோதனை விளக்கு பளிச்செனக் கண்சிமிட்டுகின்றது!

பின்மட்கார்டின் அடியில் பார்க்கின்றார். மூட்டை ஏற்றுவதற்காக இரும்புச் சட்டம் பொருத்தியபொழுது, நீளமான ஆணியொன்றைப் போட்டிருந்தனர். பாரம் ஏறி வண்டி தாழும்பொழுதெல்லாம் பிரேக் விளக்கின் கம்பி அவ்வாணியின் முனையில் உராய்ந்து, மேலுறை கிழிந்து செம்பு வெளியே தெரிகின்றது. கம்பிக்கு ஒட்டுநாடா சுற்றி, அதன்மேல் பழைய ரப்பர்க் குழாய்த் துண்டொன்றைப் போர்த்தி, ஆணியையும் குட்டையாக்கிக் கம்பியை வேறிடத்தில் கட்டிவிடுகின்றார். அரை மணி நேர வேலையோடு தொல்லை ஒழிந்தது. இதில் மந்திரம் ஏதுமில்லை; 'எப்பொழுது?' என்னும் கேள்வியை விடாமல் கேட்டதே அவர் செய்தது.

கம்பியின் நிறங்கள்

கம்பியின் நிறங்களை அறிந்திருந்தால் தேடுதல் எளிதாகும். ஆனால், ஒரு நிறுவனத்தின் வழக்கம் மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஹோண்டா வண்டிகளில் பச்சைக் கம்பி சட்டத்தோடு சேரும் எர்த்துக் கம்பி. சிவப்பு பேட்டரியிலிருந்து வருவது. கறுப்பு சாவியைத் திருப்பியபின் மின்சாரம் வருவது. யமஹா வண்டிகளிலோ கறுப்புதான் எர்த்து. சாவிக்குப் பிந்திய மின்சாரம் காவி நிறக் கம்பியில் வரும். இவ்வேறுபாட்டை அறியாமல் கறுப்புக் கம்பியை எர்த்து என எண்ணி ஹோண்டாவின் சட்டத்தில் இணைத்தால், சாவியைத் திருப்பியவுடன் பியூஸ் எரிந்துவிடும்.

ஹோண்டாவில் பச்சையில் மஞ்சள் கோடிட்ட கம்பி பிரேக் விளக்கிற்கும், காவி பின்விளக்கிற்கும், ஆரஞ்சு இடப்பக்கச் சிக்னலுக்கும், வெளிர் நீலம் வலப்பக்கச் சிக்னலுக்கும் செல்லும்.

பியூஸ் நன்றாயிருந்தும் விளக்கு எரியாவிட்டால்

பியூஸ் அறாமலிருந்தும் விளக்குகள் எரியாமை உண்டு. அப்பொழுது மூன்றினை ஆராய வேண்டும்.

முதலாவது பேட்டரி. நன்கு மின்னேறிய 12 வோல்ட்டுப் பேட்டரி, வண்டி நிற்கும்பொழுது ஏறக்குறைய 12.6 வோல்ட்டு காட்டும். 12 வோல்ட்டுக்குக் குறைந்தால் அது வலுவிழந்துள்ளது. இயந்திரத்தை முடுக்கினால் மீட்டர் 13.5க்கும் 14.8க்கும் இடையே காட்ட வேண்டும். ஏறாவிட்டால் பேட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை. 15 வோல்ட்டையும் தாண்டினால் ரெகுலேட்டர் பழுது. பல்புகள் அடிக்கடி கருகுவதற்கும் பேட்டரி நீர் வற்றுவதற்கும் அதுவே காரணமாகலாம். நீர் ஊற்றும் வகைப் பேட்டரிக்குக் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. மின்னேறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் வாயு வெளிப்படுமாதலால் அருகில் சிகரெட்டுப் புகைத்தல் கூடாது. கழற்றும்பொழுது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்பொழுது அதனை இறுதியில் மாட்டுங்கள்.

இரண்டாவது எர்த்து. வலப்பக்கச் சிக்னலைப் போட்டால் பின்விளக்கும் சேர்ந்து கண்சிமிட்டுகின்றதா? பிரேக்கை அழுத்தினால் மற்ற விளக்குகள் மங்குகின்றனவா? அப்படியாயின் எர்த்துக் கம்பி சட்டத்தோடு சேருமிடத்தில் துருப்பிடித்திருக்கும். ஆணியைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவெனத் தேய்த்து, மீண்டும் இறுக்கினால் போதும்.

மூன்றாவது பல்பும் சாக்கெட்டும். முன்விளக்கு மட்டும் எரியாமல் ஹாரன் ஒலித்தால், பல வண்டிகளில் அது பியூஸின் வழியைச் சேர்ந்ததன்று. பல்பையும், சுவிட்சையும், இயந்திரத்திலிருந்து வரும் கம்பியையும் பாருங்கள். பழைய 6 வோல்ட்டு வண்டிகளில் முன்விளக்கு கருகியவுடன், அதற்குரிய மின்சாரம் பின்விளக்கில் ஏறி அதனையும் கருக்கிவிடுவதுண்டு. எனவே முன்விளக்கை உடனே மாற்ற வேண்டும்.

மழையும் வெள்ளமும் பாலும்

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நம் மாநிலத்தை நனைக்கின்றது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட் முதலிய இடங்கள் வெள்ளத்தில் மூழ்கியதையும், 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் யோங் பெங், பத்து பகாட் வட்டாரங்கள் பட்ட துயரையும் எவரும் மறந்திரார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சாவியை உடனே திருப்புதல் கூடாது. முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். சேற்றைத் தூய நீரால் கழுவி, இணைப்புகளைப் பிரித்து நன்கு காயவையுங்கள். இயந்திர எண்ணெய் பாலைப் போல் வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது; எண்ணெயை மாற்றாமல் உதைக்க வேண்டாம்.

நம் தொழிலுக்கே உரிய கேடு வேறொன்றும் உண்டு. பால் கெட்டியாகாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியா செம்பையும் பித்தளையையும் அரிக்கும்; பாலை உறையச் செய்யும் ஃபார்மிக் அமிலமும் உலோகத்தைத் தின்னும். இவற்றை வண்டியில் ஏற்றிச் செல்வோர் மூடியை இறுக மூடி, பின்விளக்கின் மேல் சிந்தாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். சிந்தினால் உடனே நீரால் கழுவிவிட வேண்டும். கழுவிக் காய்ந்த இணைப்புகளிலும் பேட்டரி முனைகளிலும் சிறிது வாசலின் தடவினால் ஈரமும் களிம்பும் அணுகா. வண்டிக் கொட்டகையில் எலித் தொல்லை இருப்பின், கம்பிகளை மாதம் ஒருமுறையேனும் பார்வையிடுதல் நன்று.

இறுதியாக

நாள்தோறும் புறப்படுமுன் ஒரு நிமிடம் செலவிடுவோம். சாவியைத் திருப்பி, நியூட்ரல் விளக்கைப் பார்த்து, ஹாரனை ஒருமுறை அழுத்தி, இரு சிக்னல்களையும் போட்டு, பிரேக்கை மிதித்துச் சுவரில் படியும் சிவப்பொளியைக் காண்போம். இவ்வைந்தும் சரியாக இருந்தால் பியூஸும் சரியாகவே உள்ளது.

சோதனை விளக்கைக் கொண்டு தேடியும் கோளாறு அகப்படாவிட்டால், கம்பிகள் பொசுங்கிய வாடை வந்தால், புதிய பியூஸ் மீண்டும் எரிந்தால், தயங்காமல் பட்டறைக்குச் செல்லுங்கள். தன்னால் ஆவதையும் ஆகாததையும் பகுத்தறிவதும் தொழில்திறனே ஆகும்.

இவ்வேலைகளைச் செய்யும்பொழுது உங்கள் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். வோல்ட்டும் ஆம்பியரும் பள்ளிப் பாடநூலோடு நின்றுவிடாமல், தந்தையின் வண்டியிலேயே உயிர் பெறுவதை அவர்கள் காணட்டும். அவர்களுள் கைத்தொழிலில் நாட்டமுடையோருக்கு வழிகள் உள்ளன. மனிதவள அமைச்சின் கீழ் இயங்கும் தொழிற்பயிற்சிக் கழகங்கள் ஜொகூரில் பாசிர் கூடாங்கிலும் லெடாங்கிலும் அமைந்துள்ளன. அரசாங்கம் அங்கீகரித்துள்ள மலேசியத் திறன் சான்றிதழைப் பெற்றுத் தொழிலில் உயர்வதற்கும் வாய்ப்புண்டு. இன்று சோதனை விளக்கைப் பிடிக்கும் சிறுகை, நாளை ஒரு பட்டறையையே நடத்தும் கையாகலாம்.

இருளில் புறப்படும் நம் தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் வண்டியின் விளக்குகள் யாவும் எரிய, பத்திரமாகப் போய் நலமாகத் திரும்புதல் வேண்டும். அதற்குத் தேவைப்படுவன ஒரு பல்பும், இரு துண்டுக் கம்பிகளும், சிறிது பொறுமையுமே ஆகும்.